சிறிய செயற்கைக்கோளுக்குப் பேட்டரி செய்வது எப்படி: செல் பொறுக்குவதிலிருந்து ஏவுதளம் வரை

“அண்ணே, பவர் பேங்குக்குள்ள இருக்கிற அதே செல்லைத்தானே செயற்கைக்கோள்லயும் போடுறாங்க? அப்படின்னா நேரா வாங்கிப் போட்டுடலாமே?”

சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் படிப்பவன். நண்பர்கள் சேர்ந்து ஒரு கியூப்சாட் (பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோள்) செய்யக் கிளம்பியிருக்கிறார்கள், பேட்டரி வேலை இவன் தலையில் விழுந்திருக்கிறது. கேள்வியின் முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கிளாஸ் ஆறிப்போனது. அந்தப் பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கடையில் கிடைக்கும் லித்தியம் அயனி செல்லின் விவரத்தாளில் 300 அல்லது 500 சுற்று உழைக்கும் என்று போட்டிருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி முழுதாக இறக்கினால் அது ஒரு சுற்று. 550 கி.மீ உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள் பூமியை ஒரு நாளில் 15 தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு தடவையும் பூமியின் நிழலுக்குள் போய் வெளியே வருகிறது. நிழலில் பேட்டரி இறங்கும், வெயிலில் ஏறும். 500-ஐ 15-ஆல் வகுத்துப் பாருங்கள்: 33 நாள்!

இந்த 33 நாளை மூன்று வருடமாக்குவதற்குத்தான் கீழே சொல்லும் இத்தனை வேலையும்.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது 3யூ கியூப்சாட், அதாவது 10 செ.மீ சதுர அடித்தளமும் சுமார் 34 செ.மீ நீளமும் உள்ள பெட்டி. பெரிய செயற்கைக்கோள்களுக்கும் (இனிச் சுருக்கமாகக் கோள் என்றே சொல்கிறேன்) அடிப்படை இதேதான், எண்கள்தான் மாறும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செல் பற்றவைக்க உட்கார்ந்துவிடாதீர்கள். மின் ஸ்கூட்டர் பேட்டரி பற்றியெரிந்த செய்திகளை நாம் பார்க்காததா? புகை வெளியேற வழியும், தீயணைக்கும் ஏற்பாடும், பழகிய ஒருவர் பக்கத்திலும் இருக்கும் ஆய்வகத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

சுற்றுப்பாதையிலிருந்து தொடங்குங்கள்

பேட்டரி என்றவுடன் எல்லோரும் செல் பட்டியலைத் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது சுற்றுப்பாதை.

சிங்கப்பூரின் கோள்களுக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-சாட் 2011 ஏப்ரல் 20-ஆம் தேதி பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அது துருவங்களை ஒட்டிப் போகும் பாதை. 2015 டிசம்பர் 16-ஆம் தேதி அதே தளத்திலிருந்து ஆறு சிங்கப்பூர்க் கோள்கள் ஒன்றாகப் போயின. அவற்றில் பெரியது டெலியோஸ்-1. இந்தத் தடவை பாதை வேறு: 550 கி.மீ உயரம், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 15 பாகை சாய்வு. நம் தீவு நிலநடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால் இப்படிப்பட்ட கோள் நம் தலைக்கு மேல் அடிக்கடி வரும். படம் எடுக்க நல்லது, தகவல் இறக்க நல்லது.

பேட்டரிக்குத்தான் ஓய்வே கிடையாது. விடியலும் அந்தியும் சந்திக்கும் கோட்டின் மேலேயே போகும் துருவப் பாதை ஒன்று உண்டு. அதில் பறக்கும் கோளுக்கு வருடத்தில் பல மாதம் நிழலே வராது. நிலநடுக்கோட்டுப் பாதையில் அந்தச் சலுகை இல்லை. 550 கி.மீ உயரத்தில் ஒரு சுற்றுக்கு 95.6 நிமிடம். பாதைத் தளத்துக்கும் சூரியனுக்கும் உள்ள கோணம் சுமார் 67 பாகையைத் தாண்டினால்தான் நிழலைத் தவிர்க்கலாம். 15 பாகைச் சாய்வுள்ள பாதைக்கு அந்தக் கோணம் எந்த மாதத்திலும் 39-ஐக்கூட எட்டாது. ஆக, எல்லாச் சுற்றிலும் நிழல் உண்டு. குறைந்தது 32 நிமிடம், அதிகம் போனால் 36 நிமிடம்.

நாளுக்கு 15 என்றால் வருடத்துக்கு சுமார் 5,500 சுற்று, மூன்று வருடத்துக்கு 16,500. இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண்: 36,000 கி.மீ உயரத்தில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோளுக்கு வருடத்தில் இரண்டு நிழல் பருவம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 நாள், நாளுக்கு ஒரு நிழல். அது 15 வருடத்தில் பார்க்கும் சுற்றுகளை நம் குட்டிக் கோள் மூன்றே மாதத்தில் பார்த்துவிடும்.

எத்தனை வாட்-மணி வேண்டும்?

இப்போது வீட்டுச் செலவுக் கணக்கு போலவே ஒரு கணக்கு. நிழலில் இருக்கும்போது எது எது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கணினிப் பலகை, ரேடியோ ரிசீவர், திசை கட்டுப்படுத்தும் சக்கரங்கள், பேட்டரியின் ஹீட்டர். ஹீட்டரைத்தான் எல்லோரும் மறப்பார்கள், நானும் மறந்திருக்கிறேன்.

எல்லாம் சேர்த்துச் சராசரி 5 வாட் என்று வைத்துக்கொள்வோம். 36 நிமிடம் என்பது 0.6 மணி, ஆக 3 வாட்-மணி. நிழலில் இருக்கும்போதே தரை நிலையத்தைத் தாண்டினால் ரேடியோ 8 நிமிடம் கூடுதலாக 10 வாட் கேட்கும். அது 1.33 வாட்-மணி. மொத்தம் 4.33. நடுவில் இருக்கும் மின்சுற்று எடுத்ததையெல்லாம் அப்படியே கொடுத்துவிடாது, பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். அதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4.8 வாட்-மணி போகிறது.

சரி, 5 வாட்-மணி பேட்டரி போதுமா? அங்கேதான் 33 நாள் கதை வருகிறது. லித்தியம் அயனி செல்லை எவ்வளவு ஆழமாக இறக்குகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் கிழடாகும். முழுதாக இறக்கினால் சில நூறு சுற்று. கொள்ளளவில் 20 சதவீதம் மட்டும் இறக்கி ஏற்றினால் நல்ல செல்கள் பல்லாயிரம் சுற்று தாங்கும். வயலில் நெல்லை முழுதாக அறுக்காமல் மேல் கதிரை மட்டும் கிள்ளி எடுப்பது மாதிரி.

அதனால் 4.8-ஐ 0.2-ஆல் வகுக்கிறோம்: 24 வாட்-மணி. கடைசி வருடத்தில் செல்லின் கொள்ளளவு 80 சதவீதமாகச் சுருங்கியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு 0.8-ஆலும் வகுத்தால் 30 வாட்-மணி. நம் வேலைக்கு இதுதான் எண். ஒரு சுற்றுக்குத் தேவைப்படுவதைப் போல ஆறு மடங்கு. பார்க்க வீணடிப்பு போலத் தோன்றும், திட்டத் தலைவர் எடையைக் காட்டிச் சண்டைக்கு வருவார். கணக்குத் தாளைக் காட்டுங்கள்.

செல் கணக்குக்கு வருவோம். 18650 என்பது 18 மி.மீ தடிமனும் 65 மி.மீ நீளமும் உள்ள உருளைச் செல். 3.6 வோல்ட், 2.6 ஆம்பியர்-மணி உள்ளதை எடுத்தால் ஒன்றுக்கு 9.36 வாட்-மணி. இரண்டைத் தொடராகவும், அப்படி இரண்டு ஜோடிகளைப் பக்கவாட்டிலும் இணைத்தால் நான்கு செல், 37.4 வாட்-மணி. தேவை 30, கையில் 37. கொள்ளளவு அதிகமுள்ள செல் இரண்டையே வைத்து எடையை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். ஒன்று போனால் கோளே போய்விடும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. கியூப்சாட் விதிமுறையின் 13-ஆம் பதிப்பு, சேமித்த வேதி ஆற்றல் 100 வாட்-மணியைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தது. நாம் அதற்கு வெகுதூரம் கீழே.

திரும்ப ஏற்றுவதற்கு 60 நிமிட வெயில் இருக்கிறது. ஏற்றும்போதும் கொஞ்சம் இழப்பு என்பதால் சுமார் 5.3 வாட் வேண்டும். சூரியத் தகடுகள் மற்ற எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டே இந்த 5.3 வாட்டையும் தர வேண்டும். தராவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கடன் ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் கோள் தூங்கிவிடும்.

எந்த வேதியியல்?

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1957-இல் ஸ்புட்னிக் கொண்டுபோன வெள்ளி-துத்தநாக பேட்டரி மூன்று வாரத்தில் தீர்ந்தது. அப்புறம் நிக்கல்-காட்மியம், அதன்பின் நிக்கல்-ஹைட்ரஜன். ஹபிள் தொலைநோக்கியின் நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் 1990-லிருந்து 2009 வரை உழைத்த பிறகுதான் வீரர்கள் போய் மாற்றினார்கள். அனைத்துலக விண்வெளி நிலையம் 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளை எடுத்துவிட்டு 24 லித்தியம் அயனி பேட்டரிகளை 2017 முதல் 2021 வரை பொருத்தியது. பாதி எண்ணிக்கை போதுமானதாக இருந்தது.

நமக்குப் பொருத்தமான கதை புரோபா-1. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் முதல் லித்தியம் அயனி கோள் அது. 2001 அக்டோபரில் நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் போனது. உள்ளே இருந்தவை கடையில் விற்கும் வகை 18650 செல்கள். இரண்டு வருடத்துக்கு என்று அனுப்பியது இருபது வருடம் தாண்டியும் ஓடியது. தம்பியின் கேள்வியில் முதல் பாதி சரி என்று சொன்னேனே, அதற்கு இதுதான் ஆதாரம்.

லித்தியம் அயனியிலேயே இரும்பு பாஸ்பேட் வகை செல் சூட்டுக்கு அஞ்சாது, ஆனால் அதே எடைக்கு ஆற்றல் குறைவு. மேலும் சார்ஜ் ஏறக்குறைய தீரும்வரை வோல்ட் அளவு பெரிதாக மாறாது என்பதால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று கணிப்பது தலைவலி. முதல் கோளுக்கு நிக்கல் கலந்த சாதாரண லித்தியம் அயனி உருளைச் செல்லே போதும். பை போல மெத்தென்று இருக்கும் தட்டைச் செல் வேண்டாம். வெற்றிடத்தில் அது உப்பும், அழுத்திப் பிடிக்கத் தனிச் சட்டம் கட்ட வேண்டும். இரும்புக் குடுவைக்குள் இருக்கும் உருளைச் செல்லுக்கு அந்தக் கவலை குறைவு.

நூறு வாங்கி நான்கு பொறுக்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். விண்வெளி பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. செல் ஒன்றேதான். அதை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதுதான் வேறு.

முதலாவது, எங்கே வாங்குவது. ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவர் எனக்குப் பிடித்த இடம். நிக்கல் பட்டை, கம்பி, இணைப்பி எல்லாம் வாங்கிக் கைபழக அதைவிட வசதியான இடம் இல்லை. ஆனால் விண்ணுக்குப் போகும் செல்லை மட்டும் உற்பத்தியாளரின் அதிகாரபூர்வ விநியோகிப்பாளரிடம், ஒரே உற்பத்தித் தொகுதியிலிருந்து, காகிதத்தோடு வாங்குங்கள். ஒருமுறை அவசரத்துக்கு இணையத்தில் மலிவாகக் கிடைத்த செல்களை வாங்கினேன். உறையில் பெயரும் எண்ணும் அச்சு அசலாக இருந்தன. தராசில் வைத்தபோது விவரத்தாளில் போட்டிருந்ததைவிட ஒவ்வொன்றும் பல கிராம் குறைவு. சார்ஜ் இறக்கிப் பார்த்தால் சொன்ன கொள்ளளவில் பாதிகூட இல்லை. அன்றிலிருந்து செல் வந்தவுடன் நான் முதலில் தேடுவது தராசைத்தான்.

எத்தனை வாங்குவது? பறக்கப்போவது நான்கு. ஆனால் சோதனைக்கென்று ஒரு முழு பேட்டரி, பறக்க ஒன்று, மாற்றுக்கு ஒன்று, ஆயுள் சோதனையில் ஓடவிட ஒரு கூட்டம், வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்க ஒரு கூட்டம், தேர்வில் தோற்பவை என்று எல்லாம் சேர்த்தால் நூறு மிகையில்லை. பணமில்லை என்றால் நாற்பதுக்குக் கீழே போகாதீர்கள். அதே தொகுதி செல் இரண்டு வருடம் கழித்துத் திரும்பக் கிடைக்காது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். நீளம், தடிமன், எடை, ஓய்வு நிலை வோல்ட், உள்மின்தடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகைச் செல்லில் உள்மின்தடை சில பத்து மில்லியோம்கள்தான் இருக்கும். நான்கு முனைகளில் அளக்கும் மீட்டர் இல்லாமல் அதை நம்பகமாக அளக்க முடியாது. பிறகு ஒரே வெப்பநிலையில், ஒரே மின்னோட்டத்தில் மூன்று தடவை ஏற்றி இறக்கிக் கொள்ளளவைப் பாருங்கள்.

அப்புறம் பொறுமைச் சோதனை. எல்லாவற்றையும் ஒரே அளவு சார்ஜில் வைத்துவிட்டு இரண்டு வாரம் தொடாமல் இருங்கள். திரும்ப வந்து வோல்ட் அளந்தால் பெரும்பாலானவை ஒரே மாதிரி சில மில்லிவோல்ட் இறங்கியிருக்கும். ஒன்றிரண்டு மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி நிறைய இறங்கியிருக்கும். அவற்றின் உள்ளே மிக மெல்லிய கசிவு இருக்கலாம். கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரக்கம் காட்டாமல் ஒதுக்குங்கள்.

மீந்தவற்றை வெற்றிடக் கலத்தில் சில மணி நேரம் வைத்து எடுத்து எடையும் வோல்ட்டும் திரும்பப் பாருங்கள். எடை குறைந்திருந்தால் எங்கோ மின்பகுளி (செல்லுக்குள் இருக்கும் திரவம்) கசிகிறது என்று அர்த்தம். கடைசியில் கொள்ளளவையும் உள்மின்தடையையும் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக வையுங்கள். நெருக்கமாகக் கூடியிருக்கும் புள்ளிகளிலிருந்து நான்கை எடுங்கள். “ஆகச் சிறந்தது” வேண்டாம், ஒன்றுபோல இருப்பதுதான் வேண்டும். அசுரக் கொள்ளளவுள்ள ஒரு செல்லைச் சாதாரணச் செல்லோடு தொடராகக் கட்டினால், பலவீனமானதுதான் ஒவ்வொரு சுற்றிலும் முதலில் தரை தட்டும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. செல்களைக் குளிரில் வைத்திருந்தால், வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் ஐந்து நிமிடத்தில் ஐஸ் கச்சாங் கிண்ணம் போல வியர்த்துவிடும். மூடிய பையிலேயே அறை வெப்பத்துக்கு வரட்டும்.

கட்டுவது

செல்லின் மேலே இருக்கும் வண்ண உறை பெரும்பாலும் பிவிசி. வெற்றிடத்தில் அது ஆவிகளை விடும், அந்த ஆவி போய்க் கேமரா லென்ஸில் படியும். கழற்றிவிட்டுக் காப்டன் என்னும் சூடு தாங்கும் நாடாவைச் சுற்றுங்கள். பசை, கம்பியுறை, நிரப்பி எல்லாவற்றுக்கும் வெற்றிடத்தில் எவ்வளவு ஆவி விடும் என்று அளக்கும் ஏஎஸ்டிஎம் ஈ595 சோதனை முடிவு இருக்கிறதா பாருங்கள்: மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், படியக்கூடிய ஆவி 0.1 சதவீதத்துக்குள். உறையைக் கழற்றிய செல்லில் நேர்முனைக்கும் குடுவைக்கும் நடுவே ஒரு மெல்லிய வளையம்தான் காவல், குடுவை முழுக்க எதிர்முனை. கையில் மோதிரம், கடிகாரம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒருமுறை சொன்னால் போதாது, தினமும் சொல்லுங்கள்.

செல்லின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்கக் கூடாது, சூடு உள்ளே போய் முத்திரையைக் கெடுக்கும். நிக்கல் பட்டையைப் புள்ளிப் பற்றவைப்பால் ஒட்டுங்கள். வீணான செல்களில் குறைந்தது நூறு புள்ளி பழகிவிட்டு, பட்டையைக் குறட்டால் உரித்துப் பாருங்கள். புள்ளி நன்றாகப் பிடித்திருந்தால் பட்டையில் ஓட்டை விழும், சுத்தமாகக் கழன்று வந்தால் பிடிக்கவில்லை. தூய தகரப் பூச்சுள்ள இணைப்பிகளைத் தவிர்த்துவிடுங்கள். காலப்போக்கில் அதில் மயிரிழை போன்ற தகர இழைகள் முளைத்துக் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்கும்.

செல்களை அலுமினியச் சட்டத்துக்குள் பசை வைத்து உட்கார வையுங்கள். உச்சியில் இருக்கும் வாயு வெளியேறும் துளையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மூடிவிடாதீர்கள்.

காவல் மின்சுற்று

அளவுக்கு மேல் ஏறாமல், அளவுக்குக் கீழே இறங்காமல், குறுக்குச் சுற்றில் அறுத்துவிடுவது போன்றவற்றை எந்தப் பாதுகாப்பு சிப்பும் செய்யும். கோளுக்கென்று யோசிக்க வேண்டியவை வேறு சில.

செல் 4.2 வோல்ட் வரை தாங்கும் என்றாலும் 4.1-இல் நிறுத்துங்கள். கொஞ்சம் கொள்ளளவு போகும், ஆயுள் கணிசமாகக் கூடும். நாம் 20 சதவீதத்தைத்தானே தொடுகிறோம், மேல் நுனி நமக்கு எதற்கு?

தொடராக உள்ள செல்களைச் சமன்செய்யும் மின்தடைகளை வையுங்கள். நன்றாகப் பொருத்திய செல்கள் என்றால் அவற்றுக்கு அதிக வேலை இருக்காது.

பேட்டரி முழுதாக இறங்கிப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே கேளுங்கள். கோள் சுழல ஆரம்பித்து இரண்டு நாள் சூரியனைச் சரியாகப் பார்க்கவில்லை, பாதுகாப்புச் சுற்று பேட்டரியை அறுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வெயில் வந்ததும் தகடுகள் மட்டுமே போதிய மின்சாரம் கொடுத்துச் சார்ஜரை எழுப்ப வேண்டும், பேட்டரியின் உதவி இல்லாமல். சார்ஜரை இயக்குவதற்கே பேட்டரி வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் உண்டு. அந்தக் கோள்கள் எழவேயில்லை. மேசையில் இதைச் சோதிப்பது சுலபம்: பேட்டரியைக் கழற்றுங்கள், விளக்கைத் தகட்டின் மேல் காட்டுங்கள், கோள் பேசுகிறதா பாருங்கள்.

கதிர்வீச்சு ஒரு சிப்பைச் சிக்கவைத்துவிட்டால் மின்சாரத்தை ஒருமுறை அறுத்துக் கொடுத்தால்தான் விடுபடும். ஆகவே ஒருமுறை எரிந்தால் முடிந்தது என்னும் ஃபியூஸைவிட, தானாகத் திரும்பச் சேரும் துண்டிப்பான் மேல்.

குளிர்தான் எதிரி

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு இதை நம்புவது கஷ்டம். இங்கே நமக்குத் தெரிந்த பேட்டரி விரோதி சூடுதான். ஆனால் நிழலில் கோளின் வெளிப்புறம் உறைநிலைக்கு வெகு கீழே போகும். லித்தியம் அயனி செல் மைனஸ் 20-இலும் மின்சாரம் கொடுக்கும். சிக்கல் சார்ஜ் ஏற்றும்போது. சுழியத்துக்குக் கீழே ஏற்றினால் லித்தியம் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்ப வராது, ஊசி போல வளர்ந்தால் உள்ளேயே குறுக்குச் சுற்று. கோள் நிழலிலிருந்து வெளியே வரும் முதல் நிமிடங்கள்தான் ஆபத்து: தகடுகள் முழு வேகத்தில் மின்சாரம் கொட்டும், செல்களோ ஆகக் குளிர்ந்து கிடக்கும்.

அதனால் பேட்டரியைக் கோளின் நடுவில், ஓரத் தகடுகளிலிருந்து விலக்கி, வெப்பம் கடத்தாத தூண்களின் மேல் வையுங்கள். செல்களோடு ஒட்டி ஒரு காப்டன் ஹீட்டர், இரண்டு வெப்ப உணரி. 5 பாகைக்குக் கீழே போனால் ஹீட்டர் எரியட்டும். சுழியத்துக்குக் கீழே இருக்கும்வரை சார்ஜ் ஏறவே கூடாது. இந்த இரண்டு விதியையும் கணினி நிரலில் எழுதாமல் மின்சுற்றிலேயே அமைத்துவிடுங்கள், கணினி தொங்கிப்போனாலும் அவை வேலை செய்யும்.

சோதனை

பாதியில் நிற்கும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன. அதிர்வுச் சோதனையில் புதிய வடிவமைப்புக்கு நாசாவின் பொது வரையறை 14.1 ஜி அளவு சீரற்ற அதிர்வைக் கேட்கிறது. உங்கள் ராக்கெட்காரர் தரும் எண் வேறாக இருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். அதிர்வுக்கு முன்னும் பின்னும் உள்மின்தடையை அளந்தால் தளர்ந்துபோன பற்றுப்புள்ளி தெரிந்துவிடும். அடுத்து வெப்ப-வெற்றிடக் கலத்துக்குள் கோள் அனுபவிக்கப்போகும் சூட்டையும் குளிரையும் பலமுறை மாற்றி மாற்றிக் கொடுத்து, உள்ளே இருக்கும்போதே ஏற்றி இறக்க வேண்டும்.

ஆயுள் சோதனையைச் செல் வாங்கிய வாரமே ஆரம்பியுங்கள். 60 நிமிடம் ஏற்றம், 36 நிமிடம் இறக்கம், இரவு பகலாக. மூன்று வருடம் காத்திருக்க முடியாதுதான், ஆனால் ஏவும் நாளுக்குள் ஐந்தாறாயிரம் சுற்று கையில் இருந்தால் மீதியை ஊகிக்க ஒரு பிடி கிடைக்கும். சீக்கிரம் முடிக்க ஆழமாக இறக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. அப்போது செல் வேறு காரணத்தால் கிழடாகும், அந்த எண் உங்கள் கோளுக்குப் பொருந்தாது.

நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் இந்தச் சோதனை வரைபடம் தினமும் அலைபோல ஏறி இறங்கியது. ராத்திரி கொள்ளளவு கூடும், காலையில் குறையும். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம், சார்ஜரைக்கூட மாற்றினோம். கடைசியில் ஒரு ராத்திரி அங்கேயே தங்கியபோதுதான் விளங்கியது: எட்டு மணிக்குக் கட்டடத்தின் ஏர்கான் நின்றுவிடுகிறது. அறை சூடேற, செல் சுறுசுறுப்பாகிறது. வெப்பநிலையை நிலையாக வைக்கும் பெட்டிக்குள் செல்களை வைக்காமல் எடுத்த தரவு முழுவதும் வீண். பெட்டி வாங்கக் காசில்லை என்றால் குறைந்தது வெப்பநிலையையும் பக்கத்தில் பதிவுசெய்யுங்கள்.

அனுப்புவது

சாங்கியிலிருந்து விமானத்தில் அனுப்ப, லித்தியம் பேட்டரிகளுக்கான ஐநா 38.3 பாதுகாப்புச் சோதனைத் தொகுப்பில் தேறியிருக்க வேண்டும். உயரம், சூடு, அதிர்வு, மோதல், குறுக்குச் சுற்று எல்லாம் அதில் அடக்கம். செல்லுக்கு உற்பத்தியாளரிடம் அந்தச் சான்று இருந்தாலும், நீங்கள் கட்டிய பேட்டரிக்கு அது தானாகப் பொருந்தாது. ஒன்றிரண்டு மட்டும் செய்யும் மாதிரிப் பொருளுக்குச் சிறப்பு அனுமதி வாங்கும் வழி இருக்கிறது, அதற்கு நேரம் பிடிக்கும். தனி பேட்டரியாக அனுப்பினால் சரக்கு விமானத்தில்தான் போகும், சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அபாயப் பொருள் கையாளும் முகவரிடம் ஆறு மாதத்துக்கு முன்பே பேசுங்கள்.

ஏவுதளத்தில் கடைசியாகச் சார்ஜ் ஏற்றிக் கோளை உந்துகூட்டுக்குள் (ராக்கெட்டிலிருந்து கோளை வெளியே தள்ளிவிடும் பெட்டி) வைத்து மூடியபின் வாரங்கள், சில நேரம் மாதங்கள் போகலாம். அதுவரை பேட்டரியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் ஒழுகக்கூடாது. கூட்டுக்குள் இருக்கும்வரை சுவிட்சுகள் அழுந்தியிருந்து கோளை அணைத்தே வைத்திருக்கும். அந்த நிலையில் எத்தனை மைக்ரோ ஆம்பியர் கசிகிறது என்று இங்கேயே அளந்து, மாதக் கணக்கில் பெருக்கிப் பாருங்கள். வெளியே விழுந்ததும் உடனே பேச ஆரம்பிக்கவும் அனுமதியில்லை. ஆண்டெனாவை விரிக்க 30 நிமிடமும், ரேடியோவை முடுக்க 45 நிமிடமும் காத்திருக்க வேண்டும் என்று கியூப்சாட் விதி சொல்கிறது. அந்த நேரத்துக்கும் பேட்டரிதான் சோறு போட வேண்டும்.

மேலே போன பிறகு

முதல் வாரத் தகவலில் நிழல் முடியும் கணத்தின் வோல்ட் அளவைத் தனியாக ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே சுமையில், அதே வெப்பநிலையில் அதே கணத்தின் வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரியின் வயது அதில்தான் தெரியும், சதவீதக் கணக்கை நம்பாதீர்கள். எண் இறங்கத் தொடங்கினால் நிழலில் ரேடியோ வேலையைக் குறையுங்கள், சார்ஜ் எல்லையை 4.1-லிருந்து கொஞ்சம் உயர்த்துங்கள். இந்த எல்லையைத் தரையிலிருந்து மாற்ற ஒரு கட்டளை வைத்திருக்கிறீர்கள்தானே?

இன்னொரு கட்டளையும் வேண்டும், கடைசி நாளுக்கு. 2015 பிப்ரவரியில் டிஎம்எஸ்பி எஃப்-13 என்ற பழைய அமெரிக்க வானிலைக் கோள் சுற்றுப்பாதையில் வெடித்துச் சிதறியது. பேட்டரிச் சார்ஜரின் கம்பிக் கற்றையில் ஏற்பட்ட கோளாறுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. வேலை முடிந்த கோளில் தகடுகள் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருந்தால் பாதுகாப்புச் சுற்று கெட்டுப்போகும் ஒருநாள் இதே கதி வரலாம். அதனால் தகட்டையும் பேட்டரியையும் நிரந்தரமாகப் பிரித்து, மீதி சார்ஜை ஹீட்டரில் எரித்துத் தீர்க்கும் கட்டளை ஒன்றை வடிவமைப்பிலேயே சேருங்கள். தவறுதலாக முதல் நாளே அது ஓடிவிடாதபடி இரண்டு பூட்டும் போடுங்கள்.

தம்பிக்கு இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்போ தராசு எங்கண்ணே வாங்குறது?”

0.01 கிராம் வரை காட்டும் தராசு சிம் லிம் டவர் பக்கமே கிடைக்கும் என்றேன்.